ஆள் இல்லாத பக்கம்

ஜவளகிரி
16.7.2006

தம்பி மணிக்கு அக்கா சரோஜம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் மாமா, கறவை மாடு ரெண்டும் சுகம். ஓசூரில் உன் சுகத்துக்கும் உன் வீட்டுக்காரி பிரவீனா சுகத்துக்கும் ஒரு வரி எழுது. சரஸ்வதி கடை போனுக்குக் கூப்பிடாதே. நான் போனை வைப்பதற்குள் பேசினது பூராவும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. இங்கே செல்போனில் சிக்னல் கோடு விழாது என்பது உனக்கே தெரியும்.

உன் நிலத்தைப் பெங்களூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டாயே, அவர்கள் வந்துவிட்டார்கள். எட்டுத் துணிக் கூடாரம் போட்டிருக்கிறார்கள். வீடு வாசல் இருக்கிற மனுசர்கள் சனிக்கிழமையானால் காரில் வந்து தரையில் படுத்துவிட்டுப் போகிறார்கள். "இவங்க வூட்ல கட்டில் இல்லியா?" என்று உன் மாமா கேட்கிறார். அது அவர்கள் பாடு. ஆனால் ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தையல் மிசின் அளவுதான் இருக்கும். போடுகிற சத்தம் ரைஸ்மில் மாதிரி. கூட்டம் இல்லாத நாளிலும் வேலையாட்கள் விளக்குக்காக ஓட்டுகிறார்கள், பொழுது சாய்ந்தால் ஆரம்பித்து அவர்கள் படுக்கிற வரைக்கும் நிற்காது.

இங்கே நிலவரம் உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் நீ ஓசூர்க்காரன் ஆகி ஒன்பது வருசம் ஆயிற்றே, சொல்கிறேன். உன் நிலம் நடுவில். மேற்கே எங்கள் ராகி, கிழக்கே ஆஞ்சப்பன் ராகி, வடக்கே காடு. உன் மாமா இந்தக் காவல் பரணில் இருந்து ஒரு கூவல் போடுவார், ஆஞ்சப்பன் அந்தப் பரணில் இருந்து திருப்பிப் போடுவான். பதில் வராவிட்டால் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். இது நம் அப்பா காலத்துக்கு முன்னாலிருந்து இருக்கிற ஏற்பாடு. இப்போது நடுவில் அந்தச் சனியன் கத்துவதால் கூவலும் கேட்கவில்லை, பதிலும் கேட்கவில்லை. யானை கிளை ஒடிக்கிற சத்தத்தை வைத்துத்தான் உன் மாமா அது எத்தனை தூரத்தில் வருகிறது என்று சொல்வார். அதுவும் போச்சு.

இப்போது விதைப்புதான். ஐப்பசியில் கதிர் பால் பிடிக்கும்போது யானை வரும். அதற்குள் சத்தத்துக்கு ஒரு வழி செய். நீதானே ஐ.டி.ஐ. படித்தவன், தகரம் வெட்டி ஒட்டுகிற கம்பெனியில் இருப்பவன்.

அக்கா
சரோஜம்மாள்

ஓசூர்
2.8.2006

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் மணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் நல்லபடி இருக்கிறோம். பிரவீனாவுக்கு மட்டும் ஓசூர்த் தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஜலதோஷம்.

உன் கடிதத்தைப் பிரவீனாவுக்குப் படித்துக் காட்டினேன். "தையல் மிசின் அளவு, ரைஸ்மில் சத்தம்" என்ற இடத்தில் அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நீ கவலைப்படாதே அக்கா. இது என் கைவேலை. சத்தம் ரெண்டு வழியாக வருகிறது. ஒன்று புகைக்குழாய் வழியாக. இன்னொன்று மிசின் ஆடுகிற ஆட்டம் தரையில் இறங்குவதால். ஆட்டத்தை நிறுத்துவது சுலபம். பழைய லாரி டயரை நாலு துண்டாக வெட்டி நாலு காலுக்கும் கீழே வைக்கச் சொல். மூன்று பக்கமும் மணல் மூட்டை அடுக்கச் சொல். ஆனால் மிசினை ஒட்டி அடுக்கக் கூடாது, ஒரு முழம் இடம் விட வேண்டும். மூச்சு முட்டினால் எஞ்சின் செத்துப்போகும்.

மீதிக்கு நான் ஒரு கூண்டு செய்து தருகிறேன். வெளியே தகரம், உள்ளே சத்தத்தைக் குடிக்கிற கண்ணாடிப் பஞ்சு, கிளாஸ் ஊல். எங்கள் ஷாப்பில் கழிவாகப் போகிற தகரமே போதும்.

இன்னொரு சேதி. கேம்ப் நடத்துகிற ஆனந்த் சார் என்னிடம் நன்றாகப் பேசினார். கூட்டம் சேர்ந்தால் என்னையே அங்கே சூப்பர்வைசராகப் போடுவதாகச் சொல்கிறார். ஒன்பது வருசமாகக் காண்ட்ராக்ட் சட்டை போட்டுக்கொண்டு, பர்மனென்ட் ஆள் டீ குடித்த பிறகு டீ குடிக்கிறேன் அக்கா. நம் நிலத்திலேயே நான் சூப்பர்வைசர் என்றால் உனக்கும் பெருமைதானே. அதனால் மாமாவை அவரிடம் கொஞ்சம் தன்மையாகப் பேசச் சொல்.

உன் தம்பி
மணி

ஜவளகிரி
20.8.2006

தம்பி மணிக்கு அக்கா எழுதுவது. சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. பிரவீனாவுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடு, ஓசூர்த் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டு இராதே.

நீ சொன்னபடி உன் மாமா டயர் வெட்டினார். வெட்டுவதற்கே ஒரு பகல் போனது. மணல் மூட்டை பதினெட்டு சுமந்து போட்டார். உள்ளபடி சொன்னால் சத்தம் குறைந்தது. அன்றைக்கு ஆஞ்சப்பன் கூவினது சன்னமாகக் காதில் விழுந்தது என்று சந்தோசமாக வந்து களி தின்றார். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால் மூட்டைகள் இல்லை. கூடாரத்துக்காரர்கள் சாய்ந்து உட்காரத் தோதாக இருக்கிறது என்று நெருப்பைச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இவர் போய்க் கேட்டிருக்கிறார். உன் ஆனந்த் சார் என்ன சொன்னாராம் தெரியுமா? "பெரியவரே, கெஸ்ட் இருக்கும்போது இந்தப் பக்கம் வராதீங்க." உன் மாமா அப்படியே திரும்பி வந்துவிட்டார். உன்னைச் சைக்கிளில் உட்காரவைத்து ஓசூர் ஐ.டி.ஐ.க்கு நாற்பது கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு போன ஆள். அந்த நிலத்துக்கு வேலி போட்டதும் அவர்தான். தன்மையாகப் பேச வேண்டும் என்று எழுதினாயே, பேசத்தான் செய்தார். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

கூண்டை எப்போது கொண்டுவருகிறாய்? ராகி முழங்கால் உயரம் வந்துவிட்டது.

அக்கா
சரோஜம்மாள்

ஓசூர்
25.9.2006

அன்புள்ள அக்காவுக்கு மணி. சுகமே. அங்கே மழை உண்டா?

பதில் தாமதம் ஆனதற்கு மன்னித்துக்கொள். தினமும் ஓ.டி. ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை. ஆனந்த் சார் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே, அவருக்கு ஊர்ப் பழக்கம் தெரியாது. கூண்டுக்குத் தகரம் வெட்டியாகிவிட்டது. ஆயுத பூஜை முடிந்ததும் மாட்டிவிடுகிறேன். கையில் எண்ணெய், இத்துடன் முடிக்கிறேன்.

மணி

ஓசூர்
9.10.2006

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் மணி வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பனி ஆரம்பித்துவிட்டது.

அக்கா, வேலை முடிந்தது! நேற்று ஞாயிற்றுக்கிழமை கேம்ப் வேனிலேயே கூண்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். நானே செய்தேன் என்று நானே சொல்லக் கூடாது, ஆனால் அப்படி ஒரு வேலை. வெளியே தகரம், உள்ளே ரெண்டு அங்குலம் கிளாஸ் ஊல், அதன் மேல் ஓட்டை போட்ட ஷீட். அடியில் பிரஸ் மிசினுக்குப் போடுகிற ரப்பர். எங்கள் கம்பெனி சேஃப்டி செக்‌ஷனில் சத்தம் அளக்கிற மீட்டரைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். பதினைந்து அடி தூரத்தில் கூண்டு இல்லாமல் எழுபத்தெட்டு டெசிபல், கூண்டு போட்டால் அறுபது. கூடாரத்தில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசினால்கூடக் கேட்கிறது. ஆனந்த் சார் கை கொடுத்தார். அவருடைய மற்ற ரெண்டு கேம்ப்புக்கும் இதே மாதிரி செய்யச் சொல்கிறார்.

ஒரு பக்கம் மட்டும் திறந்துவிட வேண்டியிருந்தது. சூடும் புகையும் வெளியே போக வேண்டுமே. நாலு பக்கமும் அடைத்தால் எஞ்சின் வெந்துவிடும். அதனால் அந்தத் திறந்த பக்கத்தை ஆள் இல்லாத பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வர முடியவில்லை. வேன் உடனே கிளம்பிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி
மணி

ஜவளகிரி
15.10.2006

மணிக்கு அக்கா எழுதுவது. இருக்கிறோம்.

நீ வந்தது எனக்கு உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அன்றைக்கே கேம்ப் சமையல்காரி செல்லி சொன்னாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போனாயாம். உன் நிலத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான் இருக்கிறது. அன்றைக்கு அவரைக்காய்க் குழம்பு வைத்திருந்தேன். அதை விடு.

மீட்டர் வைத்து அளந்தேன் என்றாயே, எங்கே நின்று அளந்தாய்?

கூண்டு போட்ட பிறகு எங்கள் பக்கம் சத்தம் கூடியிருக்கிறது. முன்னால் நாலு பக்கமும் சிதறிப் போனது, இப்போது மொத்தமாகச் சேர்ந்து ஒரே பக்கம் வருகிறது. புகையும் கூடவே வருகிறது. உன் மாமா பரணில் ஏறி உட்கார்ந்தால் நேரே அந்தத் திறப்பைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஐம்பது அடிகூட இல்லை. வீட்டுக்கு வந்தும் நான் பேசுவது அவருக்குச் சட்டென்று கேட்பதில்லை, காதுக்குள் வண்டு இருக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார்.

ஆஞ்சப்பனும் இவரும் பேசிவைத்துக்கொண்டார்களாம், மிசின் ஓடுகிற நேரத்தில் கூவலுக்குப் பதில் வராவிட்டால் பதறிக்கொண்டு இறங்கி ஓட வேண்டாம் என்று. "தெனமும் பந்தத்தைத் தூக்கினு ஓடி ஓடிப் பாத்தா, ரெண்டு பேரும் சும்மா குந்தினு கீறோம். எதுக்கு அந்த ஓட்டம்?" என்கிறான் ஆஞ்சப்பன். எனக்கு அது சரியாகப் படவில்லை. சொன்னால் கேட்கிற ஆளா உன் மாமா?

தெற்கே வண்டிப் பாதை இருக்கிறது. திறப்பை அந்தப் பக்கம் திருப்பி வை. அங்கே கார்தான் நிற்கிறது, காருக்குக் காது இல்லை.

அக்கா

ஓசூர்
5.11.2006

அன்புள்ள அக்காவுக்கு மணி. தீபாவளிக்கு வர முடியவில்லை என்று எனக்கும் வருத்தம்தான். கேம்ப் வேனில் கொடுத்தனுப்பிய புடவை வந்து சேர்ந்ததா? மாமாவுக்கு வேட்டி. பிரவீனாதான் கலர் பார்த்து எடுத்தாள்.

நீ எழுதியதை ஆனந்த் சாரிடம் சொல்லியிருக்கிறேன். வண்டிப் பாதைப் பக்கம் திருப்பினால் கார்களில் புகை படியும், வருகிற கெஸ்ட் சத்தத்தில்தான் இறங்குவார்கள் என்கிறார். காட்டுப் பக்கம் திருப்பினால் வனத்துறை கேட்கும். வருகிற பதினெட்டாம் தேதி சனிக்கிழமை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள். அது நல்லபடி முடிந்தால் என் வேலையை உறுதி செய்துவிடுவார். முடிந்த மறுநாளே திறப்புக்கு முன்னால் தகரத்தில் ஒரு தடுப்பு அடித்துக் கொடுக்கிறேன். மாமாவை ரெண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல் அக்கா. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

உன் தம்பி
மணி

(அஞ்சலட்டை)
ஜவளகிரி
11.11.2006

மணிக்கு. சுகம். புடவை வந்தது.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எவனாவது காவல் காப்பானா? எழுதும்போது யோசிக்க மாட்டாயா? யானை வந்துவிட்டது. புதன்கிழமை தேவராஜன் ஏரிப் பக்கம் ஏழு நின்றிருக்கிறது. கதிர் முற்றி நிற்கிறது. பதினெட்டாம் தேதிக்கு முன்னால் வந்து கூண்டைத் திருப்பிவிட்டுப் போ. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்கா

ஓசூர்
8.12.2006

அன்புள்ள அக்காவுக்கு மணி எழுதுவது. சாப்பிடுகிறாயா? பதினாறாம் நாள் காரியத்தில் உன்னைப் பார்த்தபோது பாதி ஆளாக இருந்தாய். நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாய். துக்கத்தில் இருப்பவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நானும் சும்மா வந்துவிட்டேன்.

மாமா போனது எனக்கும் அப்பா போன மாதிரிதான். யானை மிதித்துச் சாக வேண்டும் என்று அவர் தலையில் எழுதியிருந்தது, நாம் என்ன செய்ய முடியும்?

இப்போது எழுதுவது ஒரு முக்கியமான விசயம். வருகிற இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை வனத்துறை ரேஞ்சர் விசாரணைக்கு வருகிறார். அன்று மாலை ஜெனரேட்டர் ஓடியதா என்று கேட்பார். ஓடியது என்று ஆகிவிட்டால் கேம்ப்பை மூடிவிடுவார்கள். நிலம் என் பேரில் இருப்பதால் என் மேலும் கேஸ் வரும். ஆனந்த் சார் சொல்கிறார், அன்று பெட்ரோல் தீர்ந்துபோய் மிசின் ஓடவில்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லையாம். ஆஞ்சப்பனிடம் பேசினேன். நீ என்ன சொல்கிறாயோ அதையே தானும் சொல்வதாகச் சொல்லிவிட்டான். ஆகவே உன் கையில்தான் இருக்கிறது. போனவர் திரும்பி வரப்போவதில்லை. இருக்கிற என்னையாவது நீ பார்க்க வேண்டாமா?

உன் தம்பி
மணி

ஜவளகிரி
12.12.2006

மணிக்கு.

சாப்பிடுகிறேன். மாட்டுக்குப் போட வேண்டியிருப்பதால் எழுந்திருக்கிறேன்.

ரெண்டு கேள்வி. கூண்டுக்கு நாலு மூலையிலும் இரும்பு முளை அடித்திருக்கிறதே, அதை அடித்தது யார்? மிசின் ஓடவில்லை என்று நான் சொன்னால், பின்னே ஏன் உன் மாமாவுக்கு யானை வந்தது கேட்கவில்லை என்று ரேஞ்சர் கேட்பாரே, அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்றும் உன் ஆனந்த் சார் சொல்லிக்கொடுத்திருப்பார். ரெண்டுக்கும் பதில் எழுது.

சரோஜம்மாள்

ஓசூர்
17.12.2006

அன்புள்ள அக்காவுக்கு மணி. உன் கடிதம் கிடைத்தது. நாலு நாளாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முளையைப் பற்றி இப்போது பேசி யாருக்கு என்ன பயன் அக்கா? மிசின் ஆடாமல் இருக்க எல்லா இடத்திலும் அடிப்பதுதான்.

ரெண்டாவது கேள்விக்கு, அசந்து தூங்கிவிட்டார் என்று சொல்லலாம். வயது ஐம்பத்தெட்டு. பகல் முழுக்கக் காட்டு வேலை செய்துவிட்டு மாலையில் பரண் ஏறுகிற ஆள். கண் அசந்தது என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வனத்துறை உதவிப் பணமும் நிற்காது என்று ஆனந்த் சார் விசாரித்துச் சொன்னார். ஒரு வரிதான் அக்கா. எழுதி ஒரு கையெழுத்து.

உன்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். துக்க வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. பிரவீனாவுக்கு நாலாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருசத்துக்கு அப்புறம். இந்த நேரத்தில் நான் கோர்ட், ஸ்டேஷன் என்று அலைந்தால் அவள் தாங்க மாட்டாள். குழந்தை பிறந்தால் நீதான் மடியில் வைத்துப் பெயர் வைக்க வேண்டும் என்று பிரவீனாவே சொல்கிறாள். அம்மா இல்லாத எனக்கு நீதான் அம்மா. இந்த ஒரு முறை காப்பாற்று.

உன் தம்பி
மணி

ஜவளகிரி
24.12.2006

மணிக்கு.

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பிரவீனாவை வெயிட் தூக்க விடாதே. அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அன்றைக்கு நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ரேஞ்சரிடம்தான் முதலில் சொன்னேன். உனக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறேகால் இருக்கும். நான் களியும் கீரையும் எடுத்துக்கொண்டு வரப்பில் போனேன். இன்னும் முழுசாக இருட்டவில்லை. உன் நிலத்தில் நாற்பது பேரும் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மிசின் ஓடிக்கொண்டிருந்தது. உன் மாமா பரணில் ஏறவில்லை, அதன் அடியில் நெருப்பு மூட்ட விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். முகம் கூண்டுப் பக்கம். அவருக்குப் பின்னால் ராகிக்குள் ஒற்றை ஆண் யானை நின்றது. நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

கத்தினேன் மணி. தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு, "ஏங்க, பின்னால, பின்னால" என்று கத்தினேன். நூறு அடி இருக்கும். அந்த ஆள் மூன்று மைலில் கிளை ஒடிந்தால் எந்த மரம் என்று சொல்கிறவர். என் குரலுக்குத் திரும்பவே இல்லை. விறகை ஒவ்வொன்றாக எடுத்துச் சரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தார். கை ஆட்டினேன். சாப்பாடு கொண்டுவந்துவிட்டேன் என்று கூப்பிடுவதாக நினைத்திருப்பார். சிரித்தார்.

அந்தப் பக்கம் ஆஞ்சப்பன், யானை காட்டோரமாக எங்கள் பக்கம் தாண்டுவதைப் பார்த்துவிட்டுக் கூவியிருக்கிறான். பதில் வரவில்லை. மிசின் ஓடுகிறது, அதனால் கேட்கவில்லை என்று பரணிலேயே உட்கார்ந்துவிட்டான். முன்னே மாதிரி என்றால் பந்தத்தோடு ஓடிவந்திருப்பான். அவன் இப்போது தினமும் வந்து என் வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். "அக்கா, நான் எறங்கல அக்கா, எறங்கல" என்பதைத் தவிர அவனிடம் வேறு பேச்சு இல்லை.

முளையைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று எழுதினாய். உனக்குத் தெரியாததில்லை, எனக்கும் தெரியும் என்று நீ தெரிந்துகொள். என் கார்டு உனக்குப் போய்ச் சேர்ந்தது. நீ வருவாய் என்று பார்த்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை உன் மாமாவே கூண்டை வண்டிப் பாதைப் பக்கம் திருப்பினார். தனி ஆளாகக் கடப்பாரை வைத்து நெம்பித் திருப்பினார். அன்றைக்கும் மறுநாளும் ஆஞ்சப்பன் கூவினது தெளிவாகக் கேட்டது. வியாழக்கிழமை நீ வந்தாய். திரும்ப எங்கள் ராகிப் பக்கம் வைத்து, இனிமேல் யாரும் திருப்ப முடியாதபடி நாலு முளை அடித்துவிட்டுப் போனாய். செல்லிதான் உனக்குச் சம்மட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். உன் மாமாவுக்கும் இது தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், நமக்குள் சண்டை வந்துவிடும் என்று. அவர் போன பிறகுதான் அவள் என்னிடம் சொன்னாள்.

ஆள் இல்லாத பக்கம் என்று நீ எழுதின கடிதம் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்பது உனக்குத் தெரியாதா? ஏழு வயதில் உன்னை அந்தப் பரணில்தான் மடியில் போட்டுத் தூங்கவைத்தார்.

வெள்ளிக்கிழமை ரேஞ்சர் வந்தார். உன் ஆனந்த் சார் வெள்ளைப் பேப்பரில் டைப் அடித்து ஒன்று கொண்டுவந்திருந்தார். பெட்ரோல் தீர்ந்தது என்றும், திம்மராயன் என்பவர் காவல் நேரத்தில் தூங்கிவிட்டார் என்றும் அதில் இருந்தது. கீழே என் பேரும் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நான் எட்டாம் வகுப்புப் படித்தவள், ரெண்டு முறை படித்தேன். முப்பது வருசம் இந்த வரிசையில் இருக்கிற அத்தனை ராகிக் காட்டுக்கும் சேர்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்த மனுசன். அவர் தூங்கினார் என்று நான் எழுதிக் கொடுத்தால், அவரை ரெண்டாவது முறை மிதிப்பது நான்தான்.

அந்தப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் நோட்டில் நானே எழுதினேன். மிசின் ஓடியது, கூண்டின் திறப்பு எங்கள் பக்கம் இருந்தது, அவர் விழித்துக்கொண்டிருந்தார், நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை என்று எழுதினேன். நீ எழுதின கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். ஆஞ்சப்பன் என் பேருக்குக் கீழே ரேகை வைத்தான். கூண்டைத் திருப்பி முளை அடித்தது யார் என்று ரேஞ்சர் கேட்டார். மணி என்று சொன்னேன். அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் வளர்த்த பிள்ளை என்று சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

உன் மேல் கேஸ் வரும். வரட்டும். குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். அதற்கு வேறு யாராவது பெயர் வைப்பார்கள். எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு
திம்மராயன் சம்சாரம் சரோஜம்மாள்